கஞ்சா வழக்கில் தம்பியைப் பிடித்துவிட்டார்கள். எத்தனை வருடம் தண்டனை, ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர். தம்பி பையில் கஞ்சாவோடு பிடிபட்டு ரிமாண்டில் இருக்கிறார், அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி எடையைப் பாருங்கள். வழக்கு 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், அதாவது என்.டி.பி.எஸ். சட்டத்தில், 20-ம் பிரிவில் இருக்கும். அந்தப் பிரிவு எண்ணின் கடைசியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வரும். தண்டனை, ஜாமீன், எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் அந்த ஒற்றை எழுத்தைப் பொறுத்தது.

1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ‘ஏ’, சிறிய அளவு. அதிகபட்சம் 1 வருடக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடியும். அதற்கு மேல் 20 கிலோ வரை ‘பி’, இடைப்பட்ட அளவு. 10 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. 20 கிலோவைத் தாண்டினால் ‘சி’, வணிக அளவு. குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம். அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை. பத்து வருடத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. ‘பி’, ‘சி’ இரண்டும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும்.

இந்த அளவுகள் கஞ்சாவுக்கு மட்டும். ஹெராயினில் 250 கிராம், மெத்தாம்பெட்டமைனில் 50 கிராம், எம்.டி.எம்.ஏ.வில் 10 கிராம் தாண்டினாலே வணிக அளவு. மாவு கலந்த பொடியாக இருந்தால் கலப்படத்தையும் சேர்த்த மொத்த எடைதான் கணக்கு என்று 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கஞ்சாவில் எடையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. 21 கிலோ, 22 கிலோ என்று பதிவான வழக்கில் சாக்கோடு சேர்த்து நிறுத்தார்களா, ஈரத்தோடு நிறுத்தார்களா, காம்பும் இலையும் எவ்வளவு என்று மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவை, வரிவரியாகப் படிக்க வேண்டும். இரண்டு கிலோ குறைந்தால் ‘சி’ ‘பி’யாகிவிடும்.

இனி ஜாமீன். சிறிய அளவில் பொதுவாகச் சிக்கல் இல்லை. இடைப்பட்ட அளவில் முன்வழக்குகள், காவலில் இருந்த நாள், விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தருவார்கள். வணிக அளவில்தான் 37-ம் பிரிவு குறுக்கே நிற்கும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மீண்டும் இப்படிச் செய்யமாட்டார் என்று இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். அதனால் முதல் மனு தள்ளுபடியாவது சகஜம். அதை வைத்து வழக்கு தோற்றுவிட்டது என்று உடைந்துபோக வேண்டாம். விசாரணை நகராமல் வருடக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு 37-ஐ மீறியும் ஜாமீன் தரலாம் என்று 2023-ல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது.

நாள் கணக்கை வீட்டில் ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வணிக அளவில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அரசு வழக்கறிஞர் காரணத்தோடு அறிக்கை கொடுத்தால் ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம். ரிமாண்ட் ஆன நாளே முதல் நாள். நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் வரவில்லை என்றால் கெடு தாண்டியதற்காகவே ஜாமீன் கேட்கும் உரிமை வரும். 181-வது நாள் காலையிலேயே அதற்கான மனு போய்ச் சேர வேண்டும். அன்று மதியம் குற்றப்பத்திரிகை வந்து, மனு மறுநாள் போனால் அந்த உரிமை போய்விடும். சிறிய அளவில் இந்தக் கெடு 60 நாள். இடைப்பட்ட அளவில் 60 நாளா 90 நாளா என்று வாதம் எழலாம். 61-வது நாளுக்கே மனுவைத் தயாராக வைத்திருப்பது பாதுகாப்பு.

எதிர்வாதம் என்றால் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது என்று நினைக்கிறார்கள். இந்த வகை வழக்கு பெரும்பாலும் காகிதத்தில்தான் நிற்கும் அல்லது விழும். ரகசியத் தகவல் வந்தது என்று எஃப்.ஐ.ஆரில் இருந்தால் அதை எப்போது எழுதினார்கள், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போனதா என்று 42-ம் பிரிவின்படி கேட்கலாம். வீடு, கட்டடம், சொந்த வண்டிக்கு இது பொருந்தும். பேருந்து நிலையம் போன்ற பொது இடத்தில் பிடித்தால் 43-ம் பிரிவு, அங்கே இந்த வாதம் எடுபடாது.

50-ம் பிரிவைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய. உடலைச் சோதிக்கும் முன் ‘மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு’ என்று தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் இது உடல் சோதனைக்கு மட்டும். கையில் இருந்த பையில் எடுத்ததாக வழக்கு என்றால் இந்த வாதம் உதவாது. உங்கள் தம்பியின் வழக்கு அப்படித்தான் தெரிகிறது, எனவே அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்து அவர் சான்று தர வேண்டும். 2022-ம் ஆண்டு விதிகளின்படி கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி. பிடித்த இடத்திலேயே எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தால் அது பலமான புள்ளி. ஆனால் இந்த ஒரு குறைக்காக மட்டும் விடுதலை கிடைக்காது, பிடித்த பொருளும் சோதித்த பொருளும் ஒன்றுதானா என்ற சந்தேகம் எழ வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே சீல் எண், மால்கானா (கைப்பற்றிய பொருளைப் பாதுகாக்கும் அறை) பதிவேடு, லேபுக்குப் போன தேதி, அங்கே பதிவான எடை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2024 ஜூலை முதல் சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். அந்த வீடியோவை நீதிமன்றம் மூலம் கேளுங்கள். ‘வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், மறுநாள் வேறு இடத்தில் பிடித்ததாகக் காட்டினார்கள்’ என்றால் தெருவில் உள்ள கேமராப் பதிவுகளை அழியும் முன் காப்பாற்ற முதல் வாரத்திலேயே மனு போட வேண்டும். இதில் தாமதித்தால் பிறகு எந்த வழக்கறிஞராலும் ஈடுகட்ட முடியாது.

பொருள் எதுவும் பிடிபடாமல், ‘ஏ1 (வழக்கில் முதல் எதிரி) உங்கள் தம்பி பெயரைச் சொன்னான்’ என்று மட்டும் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. போதைப்பொருள் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 2020-ல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பானது. அப்போது அழைப்புப் பதிவு, பணப் பரிமாற்றம் என்று தனிச் சான்று இருக்கிறதா என்பதே கேள்வி.

சிறிய அளவு வழக்கில் ‘ஒத்துக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். அதுவும் தண்டனைதான். அடுத்த முறை சிக்கினால் 31-ம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். தம்பி அடிமையாகியிருந்தால் 64ஏ பிரிவு இருக்கிறது: சிறிய அளவு வழக்கு உள்ளவர் தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். இதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்.

அண்ணா பிறந்தநாளுக்கு விடுவிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 32ஏ பிரிவின்படி, வெறும் பயன்பாட்டுக் குற்றம் தவிர மற்றவற்றுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது.

ஜாமீன் நெருங்கும்போது குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், வரலாம். 1982-ம் ஆண்டின் 14-ம் எண் சட்டத்தில் ‘போதைப்பொருள் குற்றவாளி’ என்று 12 மாதம் வரை தடுத்து வைக்க முடியும். இது தனி உத்தரவு, வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வரமுடியாது. காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் வேண்டும். கொடுத்த நகல்கள் படிக்க முடியாதவையா, தமிழாக்கம் விடுபட்டதா, உங்கள் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமானதா என்று பார்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். முறையீட்டைத் தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தாமதத்தைக் காட்ட அதுதான் சான்று.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100-ஐ அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். சிறையில் இருந்தபடியே தம்பியும் கண்காணிப்பாளர் மூலம் விண்ணப்பிக்கலாம்.