நாலு ராத்திரி மலையில், மீதி நாளெல்லாம் பரணில்

மார்கழி நெருங்கினாலே மலைக்குப் போகிற பிள்ளைகளின் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை ஐந்து கடிதங்கள், உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் பஞ்சுப் பையான ஸ்லீப்பிங் பேக் பற்றியே வந்திருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 26. நண்பர்கள் நான்கு பேர் டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கப் போகிறோம். மே மாதம் உத்தராகண்ட் போகிற எண்ணமும் உண்டு. ‘மைனஸ் 5 டிகிரி, 700 கிராம்’ என்று போட்ட ஒரு ஸ்லீப்பிங் பேக்கை இணையத்தில் 1,200 ரூபாய்க்குப் பார்த்தேன். முதுகில் சுமந்து நடக்க வேண்டும், அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும். வாங்கலாமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: வாங்காதீர்கள், தம்பி. அந்த மூன்று எண்களும் ஒரே பையில் சேரவே சேராது.

தை மாதம் களத்தில் நெல் காவலுக்குப் படுத்த பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வைக்கோலை நன்றாக உதறிப் பரப்பி, மேலேயும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டால் பனி கொட்டும் இரவிலும் விடியும்வரை கதகதப்பாக இருக்கும். அதே வைக்கோல் மிதிபட்டுச் சப்பையாகிவிட்டால் தரைக்குளிர் உடம்பில் ஏறிவிடும். வைக்கோலுக்கு இடையில் அசையாமல் நிற்கிற காற்றுதான் அத்தனை நேரமும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கும் இதே கணக்குதான். உள்ளே இருக்கும் பஞ்சு எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு சூடு. மேல்துணி, உள்துணி, ஜிப், தலைப்பகுதி ஆகியவற்றுக்கே சில நூறு கிராம் போய்விடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம் செயற்கைப் பஞ்சை வைத்து மைனஸ் 5 டிகிரியைத் தாங்க முடியாது. நீங்கள் பார்த்த பை நம் ஊர் மார்கழிக்குப் போதும். கொடைக்கானலுக்குப் போதாது.

சரி, உங்களுக்கு எவ்வளவு குளிர் தாங்கும் பை வேண்டும்? உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மன்னார்குடியில் டிசம்பர் இரவு 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் ஏழெட்டு டிகிரி இருக்கும். புல்வெளிப் பள்ளமாகப் பார்த்துக் கூடாரம் போட்டால் இன்னும் சில டிகிரி இறங்கும். குளிர்காற்று கனமானது, இரவில் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் கொஞ்சம் மேடான இடமாகத் தேர்ந்தெடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் கூடாரம் போடவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தரமான பையின் சீட்டில் இரண்டு அல்லது மூன்று வெப்ப அளவுகள் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 என்ற தர முறைப்படி, உணர்கருவிகள் பொருத்திய சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்துச் சோதித்துப் பெறும் அளவுகள் இவை. முதலாவது ‘கம்ஃபர்ட்’: சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். அடுத்தது ‘லிமிட்’: சராசரி ஆண் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கக்கூடிய குளிர். மூன்றாவது ‘எக்ஸ்ட்ரீம்’. அந்தக் குளிரில் தூக்கம் வராது, உயிர் மட்டும் தங்கும், விரல்கள் உறைந்து கெட்டுப்போகவும் கூடும். மலிவுப் பைகளின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணாக இருக்கும். அல்லது எந்தச் சோதனையும் இல்லாமல் போட்ட எண்ணாக இருக்கும். நீங்கள் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பாருங்கள். அந்த வார்த்தையே சீட்டில் இல்லையென்றால் பையைக் கீழே வைத்துவிடலாம்.

உங்கள் பயணத்துக்குக் கம்ஃபர்ட் 5 டிகிரி போதும். செயற்கைப் பஞ்சில் அது சுமார் 1.1 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். வாத்துத் தூவியில் முக்கால் கிலோவை ஒட்டி வந்துவிடும். ஆனால் நல்ல தூவிப் பை பெரும்பாலும் 10,000 ரூபாயைத் தாண்டும்.

தூவி என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில், வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மென்பஞ்சு. கடையில் ‘டவுன்’ என்பார்கள். எடைக்கு எடை பார்த்தால் அதைப் போலச் சூடு தருவது வேறில்லை. ஆனால் ஈரம் பட்டால் கட்டிதட்டிச் சுருண்டுவிடும். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் வாத்து நடுங்குவதில்லை, எண்ணெய்ப் பசையுள்ள வெளி இறகு தூவியை மூடிக் காக்கிறது. பைக்குள் வரும் தூவிக்கு அந்த இறகுக் கவசம் கிடையாது. நீங்கள் இந்தப் பையில் வருடத்துக்கு நாலைந்து ராத்திரி படுப்பீர்கள். மீதி நாளெல்லாம் அது டெல்டாவின் ஈரக்காற்றில், உங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கப்போகிறது. அதனால் நம் பக்கத்தில் முதல் பை வாங்குகிறவர்களுக்கு நான் செயற்கைப் பஞ்சைத்தான் சொல்வேன். கூடுதலாகச் சுமக்கப்போவது அரைக் கிலோ. முதுகுப்பையில் திணிக்கிற இரண்டு ஜீன்ஸில் ஒன்றை விட்டுவிட்டுப் போனாலே அது சரியாகிவிடும்.

இதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். பல வருடங்களுக்கு முன் பூம்பாறைப் பக்கம் ஒரு சனவரி இரவில் நான் தங்கினேன். நல்ல பை, கம்ஃபர்ட் எண்ணும் பொருத்தம். அடியில் விரித்தது வீட்டுக் கோரைப்பாய். இரவு இரண்டு மணிக்கு முதுகும் இடுப்பும் ஈரத்துணி போட்டது போலச் சில்லிட்டு விழிப்பு வந்துவிட்டது. கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தால் மேல்பக்கம் கதகதப்பு. அடிப்பக்கம் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. நம் எடையில் பஞ்சு அமுங்கிவிட்டால் அங்கே காற்று ஏது? கோரைப்பாயோ குளிர்ச்சிக்காகவே நெய்தது. அன்றைக்கு முதுகுப்பையிலிருந்த துணியையெல்லாம் எடுத்து அடியில் பரப்பித்தான் விடியலைப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத, மூடிய நுண்ணறை உள்ள ஃபோம் பாய் வாங்கிக்கொள்ளுங்கள், 400 கிராமை ஒட்டித்தான் இருக்கும். பாய்களுக்கு ‘ஆர்’ என்றொரு எண் உண்டு, பாய் தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது அது. கொடைக்கானலுக்கு 2 இருந்தால் சமாளிக்கலாம், 3 இருந்தால் நிம்மதி. கையில் இருக்கும் பணத்தில் பாய்க்கென ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குப் பை பாருங்கள்.

உத்தராகண்டுக்கு இப்போது வாங்க வேண்டாம். நடைப்பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு ஏற்ற பையை அவர்களே தந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே பை என்று வாங்கினால் கொடைக்கானலில் வியர்க்கும், முதுகிலும் கனக்கும்.

கேள்வி: நானும் கணவரும் வாங்கப் போகிறோம். எனக்குக் கொஞ்சம் குளிரடித்தாலே கால் விறைத்துவிடும். அவருக்கு ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கலாமா? உயரம் எனக்கு 5 அடி 1 அங்குலம், அவருக்கு 5 அடி 10 அங்குலம்.
— மயிலாடுதுறை வாசகி

பதில்: வேண்டாம்மா. நீங்கள் கம்ஃபர்ட் எண்ணையும் அவர் லிமிட் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு இன்னும் மூன்று நான்கு டிகிரி குளிர் தாங்கும் பையாக எடுத்தாலும் தப்பில்லை.

நீளம் முக்கியம். அவருடைய பையில் நீங்கள் படுத்தால் காலடியில் ஒரு முழம் வெற்றிடம் கிடக்கும். அந்தக் காற்றையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும், கால் விறைப்பதற்கு அது ஒன்றே போதும். கடையில் கூச்சப்படாமல் தரையில் விரித்துப் படுத்துப் பாருங்கள். கால்விரல் முனையில் முட்டக் கூடாது, ஒரு சாண் இடம் இருந்தால் சரி. தோள் பக்கம் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். கால்பக்கம் குறுகி, தலைக்கு முக்காடு வைத்த மம்மி வடிவம்தான் எடையும் குறைவு, சூடும் அதிகம். புரண்டு புரண்டு படுப்பவர் என்றால் அதில் மூச்சு முட்டுவதுபோல இருக்கும். அவருக்கு அகலமான வடிவமே நல்லது. படுத்தபடியே ஜிப்பை உள்ளிருந்து ஒரு கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், உள்துணி அதில் மாட்டிக்கொள்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

தூங்கப் போகும்போது நடந்த காலுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இறுக மூடும் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைத்தால் நள்ளிரவு தாண்டியும் சூடு நிற்கும்.

கேள்வி: இணையத்தில் ‘800 கிராம்’ என்று போட்டிருந்த பையை வாங்கினேன். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 1 கிலோ 350 கிராம் காட்டுகிறது. திருப்பித் தரும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் மறுக்கிறார்.
— கும்பகோணம் வாசகர்

பதில்: தராசில் வைத்துப் பார்த்தீர்களே, அது நல்ல காரியம். அந்தத் தராசின் எண் தெரியும்படி ஒரு படம், பையின் சீட்டைப் படம், ‘800 கிராம்’ என்று சொல்லும் விளம்பரப் பக்கத்தின் படம், பில் ஆகிய நான்கையும் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தை நாளைக்கே மாற்றிவிடலாம்.

ஏழு நாள் கெடு என்பது பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்புவதற்குத்தான். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசி மட்டும் விட்டுவிடாதீர்கள், பேசியதற்குச் சான்று இருக்காது.

பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1,500 ரூபாய்ப் பைக்கு இவ்வளவு அலைவதா என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அந்த எடையை நம்பி ஒருவர் மலையேறுகிறார், அதனால் இதை விடாமல் கேட்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் ஆசையாகத் தூவிப் பை வாங்கினேன். போன ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் பூசண வாசம், அங்கங்கே கட்டி. ஜிப்பும் ஓடவில்லை. காப்பாற்ற முடியுமா?
— வேதாரண்யம் வாசகர்

பதில்: முடியும் என்றுதான் நினைக்கிறேன். பையோடு வந்த சின்ன உறையிலேயே அமுக்கி வைத்திருப்பீர்கள். நடக்கும்போது தூக்கிப் போவதற்கான உறை அது. இலவம்பஞ்சுத் தலையணையை ஒரு வருடம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து எடுத்தால் எப்படி இருக்கும்? அதே கதிதான் இதற்கும்.

மழை நின்று நாலு நாள் நல்ல வெயில் காயும்போது ஆரம்பியுங்கள், கார்த்திகையில் கை வைக்க வேண்டாம். பெரிய தொட்டியில் பச்சைத் தண்ணீர், தூவிக்கென்று விற்கும் திரவ சோப்பு. துணி அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது, முறுக்கவும் கூடாது. பலமுறை அலசி, இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்க் கனத்தில் உள்தையல் அறுந்துவிடும். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போடுங்கள், மேலும் கீழும் காற்றுப் படும். மணிக்கொரு தரம் கட்டிகளை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். கடைசிக் கட்டி கரைய மூன்று நாள்கூட ஆகும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் வாசம் திரும்பி வரும்.

இனிமேல் பழைய பருத்திப் புடவையில் தளர்வாக மூட்டை கட்டி அலமாரி மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பரண் வேண்டாம், எலி அங்கே கூடு கட்டிவிடும். மூட்டைக்குள் வசம்புத் துண்டு இரண்டு போதும், அந்துருண்டை நாற்றம் தலைமாட்டிலேயே இருந்தால் தூங்க முடியாது. ஜிப்பில் உங்கள் ஊர் உப்புக் காற்று வேலை செய்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டு, மெழுகுவர்த்தியை இரண்டு பல்வரிசையிலும் ஓட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். ஜிப்பில் நாம் பிடித்து இழுக்கும் ஓட்டி மட்டும் அரித்துப் போயிருந்தால் பை தைப்பவர் அதை மாற்றித் தருவார்.

கேள்வி: உள்ளே போட்டுக்கொள்ளும் லைனர் அவசியமா?
— திருவாரூர் வாசகர்

பதில்: அவசியம். ஆனால் சூட்டுக்காக வாங்காதீர்கள். மெல்லிய லைனர் ஓரிரு டிகிரிக்கு மேல் தராது. வியர்வையும் எண்ணெயும் பையில் ஏறாமல் காப்பதுதான் அதன் வேலை, அதனால் பையைத் துவைக்கும் தேவையே குறையும். வாடகைப் பைக்குள் படுக்கும்போதும் நம் துணி என்ற நிம்மதி இருக்கும்.

கடையில் வாங்க வேண்டியதில்லை. நன்றாகத் துவைத்து மெலிந்த எட்டு முழ வேட்டி ஒன்றை நீளத்தில் இரண்டாக மடித்தால் ஆறடி வரும். மடிப்பு காலடியில் இருக்கட்டும். அகலத்தை 85 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் முக்கால் வாசியும் தைக்கச் சொல்லுங்கள். கரையை வெட்டிவிடுங்கள், ஜரிகை கழுத்தில் உறுத்தும்.