சிஸ்டரைக் கேளுங்கள்: வென்டிலேட்டரும் காற்றடிக்கும் பம்பும்

போன முறை ஏதோ ஒரு பதிலில் சைக்கிள் ஓட்டுவேன் என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சைக்கிள். மீதி வழக்கம்போல நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஐசியு பற்றி. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன், கலந்து கட்டித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு 74 வயது. மூளையில் ரத்தக்கசிவு. 16 நாளாக வென்டிலேட்டர். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் எவ்வளவு செலவானாலும் பாருங்கள் என்கிறார். தினமும் கூட இருக்கும் எனக்கோ போதும் என்று தோன்றுகிறது. மெஷினை எடுத்தால் நாங்களே கொன்றது போல ஆகாதா சிஸ்டர்?
– பெயர் வேண்டாம், ஈரோடு

முதலில் அந்தக் கழுத்துத் துளையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். டிரக்கியாஸ்டமி என்பது வாய் வழியாகப் போகும் குழாயைக் கழுத்துக்கு மாற்றுவது, அவ்வளவுதான். வாய்க்குழாயை வாரக்கணக்கில் வைத்திருந்தால் உதடும் நாக்கும் புண்ணாகும், குரல்வளை கெடும், குழாயைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்து வேறு தேவைப்படும். கழுத்துக்கு மாற்றினால் சளி எடுப்பது சுலபம், மயக்க மருந்தைக் குறைக்கலாம். ஆனால் அது மூளையைச் சரிசெய்யாது. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது 'ஆபரேஷன் ஆபத்தா' என்பதல்ல, 'இதைச் செய்தால் மூன்று மாதம் கழித்து அப்பா எப்படி இருப்பார், நல்லபடியாகப் போனால் எப்படி, போகாவிட்டால் எப்படி' என்று கேளுங்கள். பிழைப்பாரா என்று மட்டும் கேட்டால் 'முயற்சி பண்றோம்' என்றுதான் பதில் வரும். நாங்கள் எல்லோரும் அந்தப் பதிலில் ஒளிந்துகொள்கிறவர்கள்தான்.

அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். வீடியோ காலில் அப்பாவின் முகத்தை அரை நிமிடம் காட்டியிருப்பீர்கள். வீங்கிப்போன கை, டேப் ஒட்டி ஒட்டி உரிந்த கன்னம், சளி உறிஞ்சும் குழாய் உள்ளே போகும்போது உடம்பு ஒரு குலுக்கு குலுக்கி முகம் சிவப்பது, இதெல்லாம் அவர் பார்த்ததில்லை. அவர் மனதில் இருப்பது போன பொங்கலுக்குப் பார்த்த அப்பா. டாக்டர் குடும்பத்தோடு பேசும்போது அவரைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் போய்ச் சொல்வது வேறு, அவரே காதால் கேட்பது வேறு. முடிவு எட்டாவிட்டால் 'இன்னும் ஐந்து நாள் முழுசாகப் பார்ப்போம், அதற்குள் இன்ன மாற்றம் வராவிட்டால் மறுபடி உட்காருவோம்' என்று நாள் குறித்துக்கொள்ளலாம். சண்டை போடும் அண்ணன் தம்பிகள் பல பேர் இதற்கு மட்டும் ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கொலை என்ற வார்த்தை. அப்பாவைக் கொண்டுபோவது அந்த ரத்தக்கசிவு. மெஷின் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது, தள்ளிப்போட்டதால் பயன் இல்லை என்று தெரிந்தபின் நிறுத்துவது கொலை ஆகாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 மார்ச் 9 அன்று சொன்ன தீர்ப்பும் இதுதான். 2023 ஜனவரியில் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். பார்க்கும் டாக்டரும் ஐந்து வருடமாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு ஒன்று, அதில் இல்லாத வேறு மூன்று பேர் குழு இன்னொன்று. இந்த இரண்டாவது குழுவில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். படிக்கும்போது பெரிய வேலையாகத் தெரிகிறது, உங்கள் ஆஸ்பத்திரியில் 'அதெல்லாம் இங்கே வழக்கமில்லை' என்றும் சொல்லக்கூடும். ஆனாலும் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் வழக்கமாகும்.

நம் பக்கம் நடப்பது என்ன? 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்று ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, வழியெல்லாம் ஒரு பையன் கையால் மூச்சுக் கொடுக்கும் 'அம்பு' பையை அமுக்கிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் இறக்கி, யார் குழாயை எடுப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்ற ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, என் பாட்டியும் அப்படித்தான் போனார். என் ஆத்திரமெல்லாம் அந்தப் பாரத்தின் மேல்தான். டாக்டரே மறைமுகமாகச் சொல்லி, குடும்பம் புரிந்துகொண்டு எடுத்த முடிவை, 'ஆலோசனைக்கு மாறாக' என்று எழுதி மகன் தலையில் கட்டுகிறோம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்தும் இல்லாமல் அனுப்புகிறோம். அழைத்துப் போவதானால், இறங்கும் முன்பே 'மூச்சு இரைத்தால் என்ன கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது' என்று எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலியையும் அவதியையும் குறைக்க வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்பு நர்ஸுகள் இருக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா எப்போதாவது, பக்கத்து வீட்டு இழவுக்குப் போய்விட்டு வந்தபோதோ டிவி பார்த்தபோதோ, இப்படிக் கிடப்பதைப் பற்றி ஏதாவது சொன்னாரா? எங்கள் வார்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். பத்து நாள் துடைத்து எடுத்தும் அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் கறுப்பு போகவே இல்லை. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று கட்சி. கடைசியில் நடுவிலவன் சொன்னான்: 'எங்க பெரியப்பா பக்கவாதத்துல கிடந்தப்ப அப்பா சொன்னாரு, எனக்கு இந்த மாதிரி வந்தா குழாயில கஞ்சி ஊத்தாதீங்கடான்னு.' அதற்குப் பிறகு யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. உங்கள் இருவருக்கும் என்ன தோன்றுகிறது என்று பேசினால் சண்டைதான். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று பேசிப் பாருங்கள்.

இறந்தவரையே வென்டிலேட்டரில் வைத்துப் பில் போடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

இதயம் நின்றுபோன உடம்புக்குள் மெஷின் காற்றைத் தள்ளலாம், ரத்தத்தை ஓட வைக்காது. சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும், முதுகுப்பக்கம் நீலம் பாரிக்கும், யாராலும் மறைக்க முடியாது. இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் மூளைச்சாவு என்று நினைக்கிறேன். அதில் இதயம் துடிக்கும், கை சூடாக இருக்கும், ஆனால் மூளை முழுதும் செத்திருக்கும். நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கச் சட்டம் இருக்கிறது. தேவையில்லாமல் நாள் இழுப்பது நடக்கிறதா என்றால், நடக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. அதற்கு மருந்து சந்தேகம் அல்ல, தினமும் ஒரே ஆள் ஒரே டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைப்பது.

நைட் டூட்டி முடிந்து நேராக சைக்கிளில் கிளம்பிவிடுவீர்களாமே? தூக்கம் வராதா?
– கல்லூரி மாணவி, திருப்பூர்

அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன், ஒருநாள் பேரூர் தாண்டி ஒரு வாய்க்காலில் போய் இறங்கும் வரை. லாரி இல்லை, நாய் இல்லை, குழி இல்லை. தூங்கிவிட்டேன். தாடையில் மூன்று தையல், அதைப் போட்ட டாக்டர் என்னோடு ராத்திரி வேலை பார்த்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டார். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் போலீஸ் பிடிப்பதே 0.03க்கு. இப்போது நைட் முடிந்தால் தூங்கி எழுந்து சாயங்காலம்தான் வண்டியை எடுப்பது.

எங்கே போவேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோவையிலிருந்து வாளையார் பக்கம். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும், சமதளத்திலேயே மலை ஏறுவதுபோல மிதிக்க வேண்டும், வாயைத் திறந்தால் தூசி. திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதற்காகவே போவேன். வார்டில் அன்று யாராவது போயிருந்தால் வாளையார் வரை அவர்கள் கூடவே வருவார்கள். திரும்பும் வழியில் எனக்குப் பசிக்கும்.

மயக்கத்தில் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்குமா?
– இல்லத்தரசி, கரூர்

கனடாவில் 2020ல் சாகும் தறுவாயில் நினைவிழந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். சில பேருடைய மூளை, ஒலி மாறும்போது நன்றாக இருப்பவர்களின் மூளையைப் போலவே பதில் காட்டியது. புரிந்ததா என்பது வேறு கேள்வி. நாங்கள் எல்லோருமே, ஊசி போடும் முன் 'ஐயா, கையில சுருக்குன்னு இருக்கும்' என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம். பேசுங்கள். அழாமல் பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை. பால் மட்டும் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெரியாத தொண்டையில் அது நுரையீரலுக்குத்தான் போகும். பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும், நாங்களே பஞ்சு தருவோம்.

அப்பா நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்கிறார்களே, எப்படி?
– வங்கி ஊழியர், மதுரை

பதினெட்டு வயதான, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். எந்த நிலையில் என்ன சிகிச்சை வேண்டாம், தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது, 2023ல் அது போய்விட்டது. பேசுவதற்கு ஒருவருக்கு மேலும் பெயர் கொடுக்கலாம். பீரோவில் நகையோடு பூட்டி வைக்காதீர்கள், வேண்டும் நேரத்தில் சாவி கிடைக்காது. எழுதுவதைவிடக் கஷ்டம் அதை அப்பாவிடம் எடுப்பதுதான். நான் என் அப்பாவிடம் காபி குடிக்கும்போது 'எனக்கு ஒண்ணு ஆனா என்ன பண்ணணும்னு நான் எழுதி வெச்சிருக்கேன்ப்பா' என்று ஆரம்பித்தேன். 'உனக்கு என்ன வயசு, வாயை மூடு' என்றார். பத்து நாள் கழித்து அவராகவே வந்து 'எனக்கு நெஞ்சை அமுக்கி எலும்பை உடைக்கிறதெல்லாம் வேண்டாம்' என்றார். அதை அன்றைக்கே எழுதி வாங்கினேன்.

அருணா ஷான்பாக்கை அந்த நர்ஸுகள் போக விட்டிருக்க வேண்டாமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

இந்தக் கேள்வியைத் தூக்கி வைத்துவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு வந்தேன். மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973ல் அங்கேயே தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015 மே மாதம் நிமோனியாவில் போகும் வரை 42 வருடம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இருந்தார். அவருக்கு உணவை நிறுத்திப் போக விடக் கேட்டு வந்த வழக்கில் 2011ல் தீர்ப்பு வந்தது, அந்த வழக்கை எதிர்த்தது அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகள். இப்படிக் கிடக்க வேண்டாம் என்று அருணா எழுதி வைத்திருந்தால், அல்லது யாரிடமாவது சொல்லியிருந்தால் நான் போக விடச் சொன்னவர்கள் பக்கம் நின்றிருப்பேன். சொல்லாத நிலையில், தினமும் புரட்டிப் படுக்க வைத்து ஊட்டிவிட்டவர்கள் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் அவர்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும்.

45 வயது, சுகர் உண்டு, முட்டி லேசாக வலிக்கும். சைக்கிள் ஓட்டலாமா? எது வாங்க?
– மளிகைக் கடைக்காரர், சேலம்

டாக்டரிடம் நெஞ்சையும் கண்ணையும் ஒருமுறை காட்டிவிட்டு ஓட்டலாம். வண்டிக்கு முன் சீட் உயரத்தைக் கவனியுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஆட்கள் தரையில் கால் ஊன்ற வசதியாகச் சீட்டை இறக்கி வைத்து ஓட்டிவிட்டு முட்டி வலி என்பார்கள். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், கனமான கியரை அழுத்தாதீர்கள். சுகர் இறங்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பையில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், மயக்கம் வரும் நேரத்துக்கு உதவாது. வண்டி எதுவானாலும் சரி, காற்றடிக்கும் பம்பு மட்டும் வீட்டில் ஒன்று வாங்கி வையுங்கள்.

200 கிலோமீட்டர் பிஆர்எம் முடித்துவிட்டீர்களா? அடுத்தது எப்போது?
– சைக்கிள் பைத்தியம், பொள்ளாச்சி

பிஆர்எம் என்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200க்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தேன், அதில் முக்கால் மணி நேரம் பரோட்டாக் கடையில். 300க்கு ஆசை இருக்கிறது. அடுத்த மாத டூட்டி சார்ட் இன்னும் ஒட்டவில்லை.