ஜெல் கியூடெக்ஸ் ஏன் உரிகிறது?

கேள்வி: வீட்டில் போடும் ஜெல் கியூடெக்ஸ் மூன்றே நாளில் ஏடாக உரிந்து வருகிறது. ஜெல்லை இறுக்கும் UV லாம்பு பழுதா? (வாசகி, கல்முனை)

பதில்: பெரும்பாலும் நகத்திலுள்ள எண்ணெயும் ஈரமும்தான் காரணம். போடுமுன் கையை ஊறவைக்காதீர்கள். ஊறிய நகம் விரிந்து, காயும்போது சுருங்க, ஜெல் விடுபடும். மினுக்கம் மட்டும் போக மெல்ல அராவி, அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பேஸ் (அடிப்பூச்சு), இரண்டு தரம் நிறம், டொப் (மேற்பூச்சு): எல்லாம் மெல்லிசாக, ஒவ்வொன்றுக்கும் போத்தலில் சொன்ன நேரம் லாம்பு. தடிப்பாகப் பூசினால் மேல் இறுகி, அடி இறுகாமலே கிடக்கும். நக நுனியின் விளிம்பையும் தூரிகையால் ஒரு இழுப்பு மூடுங்கள்.

தோலில் பட்டதை லாம்புக்குள் வைக்குமுன் குச்சியால் வழித்துவிடுங்கள், தயவுசெய்து. இறுகாத ஜெல்லால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

மலிவென்று பத்து நிறச் செற் வாங்காதீர்கள். நல்ல பேஸ், டொப், பிடித்த ஒரு நிறம் போதும்.