2018 சூப்பர் பவுலை (அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப் போட்டி) தங்கள் ஊர் அணியான ஈகிள்ஸ் ஜெயித்ததற்கு ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் ஏன் அப்படித் துள்ளினார்கள்?

57 வருட ஏக்கம், சும்மாவா? 1960-க்குப் பிறகு அதுவரை ஈகிள்ஸுக்குப் பட்டமே கிடையாது. அந்த சீசனில் நட்சத்திர குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) கார்சன் வென்ட்ஸ் டிசம்பரிலேயே முழங்கால் காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். மாற்று ஆளாக வந்த நிக் ஃபோல்ஸை வைத்துக்கொண்டு ஜெயிப்பார்கள் என்று பலரும் நம்பவில்லை. ரசிகர்கள் வீம்புக்கு நாய் முகமூடி மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். ‘அண்டர்டாக்’ (ஜெயிக்க வாய்ப்பில்லாத அணி) என்றீர்களே, இந்தா நாய் என்று!

அப்புறம் இறுதி ஆட்டம். எதிரே நட்சத்திர குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பேட்ரியட்ஸ் அணி. நான்காவது, அதாவது கடைசி முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம். வழக்கமாகப் பந்தை எறிகிற ஃபோல்ஸ் சத்தமில்லாமல் ஓரமாக நழுவ, சக வீரர் டிரே பர்ட்டன் எறிந்த பந்து அவர் கைக்கே வந்தது. டச்டவுன், ஆறு புள்ளி! இன்று பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

41-33 என்று ஈகிள்ஸுக்கு வெற்றி. ஊரில் விளக்குக் கம்பங்களில் யாரும் ஏறக்கூடாதென்று முன்கூட்டியே எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். வழுக்குமரம் மாதிரி அதிலும் ஏறிவிட்டார்கள்.