டீபக்கரில் நாமே எழுதிய ஃபார்மேட்டர்கள் பெருகிவிட்டால் எப்படிக் கட்டி மேய்ப்பது?

கேள்வி: ஜிடிபி டீபக்கருக்காக நானே எழுதிய காட்சி ஃபார்மேட்டர்கள் 40ஐத் தாண்டிவிட்டன. எல்லாம் ஹோம் டைரக்டரியின் துவக்கக் கோப்பில் கிடக்கின்றன. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்றே தெரியவில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:

40 என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி வயிற்றைக் கலக்கியது. என்னிடம் 23தான் இருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்று என்னை இரண்டு நாள் அலைக்கழித்து, ஒரு தவறும் செய்யாத பெண்ணின் மேல் பழி போட வைத்தது. நீங்களும் என்னைப் போல ஒவ்வொரு முறை எரிச்சல் வந்தபோதும் ஒன்று எழுதி, துவக்கக் கோப்பின் அடியில் ஒட்டி, அப்புறம் மறந்துபோனவராகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் மன்னியுங்கள்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் கருவிதான் டீபக்கர்; ஜிடிபி அவற்றில் ஒன்று. சி++ வெக்டர் ஒன்றை டீபக்கரில் அப்படியே அச்சிட்டால் உள்ளே இருக்கும் மூன்று பாயிண்டர்கள், அதாவது நினைவக முகவரிகள்தான் தெரியும். நமக்கு வேண்டியதோ அதிலுள்ள எண்கள். அந்த மொழிபெயர்ப்பைச் செய்வதுதான் ஃபார்மேட்டர், ஜிடிபியின் பேச்சில் பிரிட்டி பிரிண்டர். 2009இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இதைப் பைத்தானில் எழுதலாம். வெக்டர், மேப் போன்றவற்றுக்கு ஜிசிசியின் சி++ லைப்ரரியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நம் சொந்த வகைகளுக்கு நாம்தான் எழுதவேண்டும். வினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் அப்போது வேலை பார்த்தது கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில். பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் பைசா சிந்தும் என்பதால் 'தொகை' என்று ஒரு வகை வைத்திருந்தோம். உள்ளே ஒரு 64 பிட் முழு எண், அவ்வளவுதான். அது பைசாவைக் குறிக்கும். டீபக்கரில் 4550 என்று பார்த்து, மனதுக்குள் புள்ளி வைத்து, 45 ரூபாய் 50 பைசா என்று படிப்பது அலுப்பாக இருந்தது. 12 வரியில் ஒரு ஃபார்மேட்டர் எழுதினேன்: நூறால் வகு, முன்னால் ரூபாய்க் குறி போடு. வேலை செய்தது. அன்று முழுக்க யாராவது என் திரையை எட்டிப் பார்க்க மாட்டார்களா என்று இருந்தது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மாநிலத்துக்குள் விற்கும் பொருளுக்கு 18 சதவீதம் என்றால் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9 என்று பிரித்துக் காட்டவேண்டும். 45.50 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் 8.19. அதில் பாதி 4.095. அந்த அரைப் பைசாவைப் பைசாக் கணக்கில் வைக்க இடமில்லை. இரண்டு பாதியையும் தனித்தனியே 4.10 என்று ரவுண்ட் ஆஃப் செய்தால் கூட்டுத்தொகை 8.20, ஒரு பைசா முளைத்துவிடும். பிற்பாடு இந்தத் தொல்லைக்காகவே எங்கள் குழு தொகை வகையின் அலகை ரூபாயில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக மாற்றியது. நல்ல முடிவு. ஆனால் நான் அந்தச் சமயம் வேறொரு திட்டத்துக்கு இரவல் போயிருந்தேன். வகையின் பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் உறுப்பின் பெயரும் மாறவில்லை, அளவும் அதே 64 பிட். உறுப்பின் பெயரையாவது மாற்றியிருந்தால் என் ஃபார்மேட்டர் பைத்தான் பிழை காட்டிச் செத்திருக்கும், நான் பிழைத்திருப்பேன்.

திரும்பி வந்த மூன்றாவது வாரம் ஒரு புகார் என் மேசைக்கு வந்தது: ஒரு கடையின் பில்லில் வரியின் கூட்டுத்தொகை ஒரு பைசா கூடுதல். டீபக்கரைத் திறந்தேன். பொருளின் விலை 4,550.00 ரூபாய் என்றது. மத்திய வரி 409.50. அட, எல்லாமே நூறு மடங்கு! பொருளின் விலை 45.50 என்று புகாரிலேயே இருக்கிறது. ஒரு பைசாவைத் தேடப் போனவன் நூறு மடங்கைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 4,550க்கு 9 சதவீதம் 409.50 என்பதும் சரியாகப் பொருந்தியது. ஆக, உள்ளீட்டைப் படிக்கும் நிரல் இரண்டு முறை நூறால் பெருக்குகிறது, பிறகு எங்கோ ஓரிடத்தில் யாரோ நூறால் வகுத்து மூடி மறைக்கிறார்கள், அந்த வகுத்தலில்தான் பைசா தவறுகிறது! என் கதையில் ஓட்டையே இல்லை. அந்த வகுக்கும் இடத்தைத்தான் இரண்டு நாளாகத் தேடினேன். கிடைக்கவில்லை. இல்லாதது எப்படிக் கிடைக்கும்?

உள்ளீட்டு நிரலை எழுதியவர் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த பெண். குழுவின் பொதுச் சாளரத்தில், எல்லோரும் பார்க்க, "அலகுகளைப் பற்றிய அடிப்படைப் புரிதல் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது" என்று போட்டேன். அந்த வாக்கியம் இன்றும் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

அவர் பதில் எழுதவில்லை. என் இருக்கைக்கு வந்து, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணா, இதை பிரிண்ட் ஸ்லாஷ் ஆர் போட்டுப் பார்த்தீர்களா?" என்றார். அந்த 'ஸ்லாஷ் ஆர்' போட்டால் ஜிடிபி எந்த ஃபார்மேட்டரையும் கூப்பிடாமல் உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். போட்டேன். 455000 என்று வந்தது. "இது பத்தாயிரத்தில் ஒரு பங்குதானே அண்ணா, 45.50 சரியாகத்தானே இருக்கிறது? உங்கள் திரையில் மட்டும் ஏன் ரூபாய்க் குறியெல்லாம் வருகிறது?"

வேறு யார் திரையிலும் ரூபாய்க் குறி வராது. அந்த ஃபார்மேட்டர் என் ஹோம் டைரக்டரியில் மட்டும்தான் இருந்தது. உண்மையான பிழையை அவர் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்: பில் அச்சிடும் பழைய நிரல் ஒன்று இன்னமும் இரு பாதிகளையும் தனித்தனியே ரவுண்ட் ஆஃப் செய்துகொண்டிருந்தது.

இனி உங்கள் 40க்கு வருவோம்.

ஃபார்மேட்டர் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறதோ அந்த வகையின் மூல நிரலுக்குப் பக்கத்தில் அது குடியிருக்கவேண்டும். ஒரே ரெப்போவில் (நிரல் சேமிப்பகம்), ஒரே ரிவ்யூவில் (சக ஊழியர் சரிபார்ப்பு). அலகை மாற்றியவர் பக்கத்து கோப்பில் 'நூறால் வகு' என்று இருப்பதைப் பார்த்திருந்தால் அதையும் மாற்றியிருப்பார். ஜிடிபி இதற்கு வழி வைத்திருக்கிறது. லைப்ரரி கோப்பின் பெயரோடு '-ஜிடிபி.பை' என்ற வாலைச் சேர்த்து ஒரு பைத்தான் கோப்பைப் பக்கத்தில் வைத்தால், அந்த லைப்ரரியை ஏற்றும்போது இதுவும் தானாக ஏறும். முதல் முறை ஏறாது. பாதுகாப்பான பாதைப் பட்டியலில் அந்த டைரக்டரி இல்லை, மறுத்துவிட்டேன் என்று எச்சரிக்கை வரும். உங்கள் பில்டு டைரக்டரியை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் போதும். பாதையை வெறும் சாய்கோடாக, அதாவது மொத்த டிஸ்க்காகவும் வைத்துவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். யாரோ அனுப்பிய பைனரியை டீபக்கரில் திறந்த மாத்திரத்தில் அதன் பக்கத்திலிருக்கும் பைத்தான் உங்கள் பெயரில் ஓடும்.

அடுத்தது பெயர். ஒரு பெரிய பைத்தான் ஃபங்ஷன் எழுதி, அதற்குள் 40 வகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதைப் பட்டியலில் செருகியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை. அணைத்தால் எல்லாம் அணையும். ஜிடிபியோடு வரும் பிரிண்டிங் மாட்யூலில் தொகுப்பு கிளாஸ் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொன்றையும் தனிப்பெயரோடு பதிவுசெய்தால் 'இன்ஃபோ பிரிட்டி-பிரிண்டர்' கட்டளை முழு வரிசையையும் காட்டும்; சந்தேகம் வந்ததை மட்டும் 'டிசேபிள்' போட்டு நிறுத்தலாம். 'எது வேலை செய்கிறது' என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஜிடிபி முதலில் லைப்ரரியோடு வந்த ஃபார்மேட்டர்களைப் பார்க்கும், பிறகு நிரலுக்குரியவை, கடைசியாகத்தான் பொதுப்பட்டியல். துவக்கக் கோப்பில் எழுதுவது பெரும்பாலும் பொதுப்பட்டியலில்தான் சேரும். முதலில் 'நான் காட்டுகிறேன்' என்று சொன்னதோடு தேடல் முடிந்துவிடும். ஆகவே உங்கள் 40இல் சில ஒருநாளும் கூப்பிடப்படாமலேயே கிடக்கலாம்.

எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்திருக்கிறது. அங்கே ஃபார்மேட்டர்களை கேட்டகரிகளாகப் பிரித்து, ஒரு கேட்டகரியையே ஒரு கட்டளையில் ஏற்றி இறக்கலாம். விஷுவல் ஸ்டுடியோக்காரர்கள் 2012 பதிப்புக்கு முன்பு வரை நிறுவல் டைரக்டரியில் இருந்த ஒற்றைக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நாட்விஸ் என்ற ஃபார்மேட்டர் கோப்பு முறை வந்த பிறகு புராஜெக்டோடு சேர்த்தே வைக்க முடிகிறது.

ஃபார்மேட்டருக்குள் எழுதுவது பற்றி இரண்டு விஷயம். நூறு, பத்தாயிரம் போன்ற எண்களை அதில் பதிக்காதீர்கள். வகையிலேயே அலகு ஒரு மாறிலியாக இருந்தால் அதைப் படியுங்கள், கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே காட்டிவிடுங்கள். இரண்டாவது, இன்னும் தொடக்க மதிப்பு போடாத மாறியின் மேலும் உங்கள் ஃபார்மேட்டர் ஓடும். உறுப்புகளின் எண்ணிக்கை என்று அதில் குப்பையாகக் கோடிக்கணக்கில் ஒரு எண் இருக்கும். ஜிடிபி இயல்பாக 200 உறுப்போடு நிறுத்திக்கொள்ளும், ஆனால் நீங்களே சரம் கட்டும் லூப்புக்குள் அந்த வரம்பு வராது. டீபக்கர் உறைந்துவிட்டது என்று வரும் புலம்பல்களில் சில இதுதான். நிரலில் இருக்கும் ஃபங்ஷனை ஃபார்மேட்டரிலிருந்து கூப்பிடும் சாமர்த்தியமும் வேண்டாம். கோர் டம்ப்பை, அதாவது நிரல் செத்தபோது எடுத்த நினைவகப் பதிவைத் திறந்தால் அது ஓடவே ஓடாது.

என் 23இல் ஒன்று முழுக்கத் தேவையற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைப் பெயர்களைத் தமிழில் சேமித்திருந்தோம். சர்வரில் ஜிடிபியில் பார்த்தால் 'அ' என்ற எழுத்து 340, 256, 205 என்று மூன்று எண்மக் குறிகளாக, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய்கோட்டோடு வரும். 'கடை' என்ற இரண்டு எழுத்துக்கு 9 பைட், திரையில் 36 குறி. இதைத் தமிழாக்க 60 வரியில் ஃபார்மேட்டர் எழுதி வைத்திருந்தேன். அந்த சர்வரின் லொகேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு, வெறும் 'சி' என்று இருந்ததுதான் காரணம். யுடிஎஃப்-8 லொகேலில் ஜிடிபியைத் திறந்ததும் தமிழ் தமிழாகவே வந்தது. 60 வரியும் குப்பைக்குப் போனது. ஆனால் இதைச் சரிசெய்யக் கேட்டபோது அந்த சர்வரை நிர்வகித்தவர் சொன்ன பதில் இன்னும் எரிகிறது: "பெயரை ஆங்கில எழுத்திலேயே சேமித்தால் இந்தப் பிரச்சினையே வராதே?" கடைக்காரர் தன் கடைக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார், பலகையில் தமிழில் எழுதியிருக்கிறார், பில்லில் தமிழில் கேட்கிறார். ஒரு சூழல் மாறியை மாற்றச் சோம்பல்பட்டு அவர் பெயரை நான் மாற்றவேண்டுமாம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும்.

'நிரலுக்குள்ளேயே பிரிண்ட்எஃப் வரி போட்டு மதிப்பை அச்சிட்டால் போதாதா, எதற்கு இந்த அலங்காரமெல்லாம்' என்று யாராவது கேட்பார்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கோர் டம்ப் வந்து, உள்ளே நாலு அடுக்கு மேப் இருக்கும்போது எந்த இடத்தில் பிரிண்ட்எஃப் போடுவது என்று அவர்களே சொல்லட்டும். ஃபார்மேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றும் எழுதுகிறேன். ரெப்போவில் 9 இருக்கின்றன, துவக்கக் கோப்பில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கே, தனிச் செய்தியில். "பரவாயில்லை அண்ணா" என்றார். குற்றம் சாட்டியதைப் பொதுச் சாளரத்தில் அல்லவா செய்திருந்தேன்? அங்கே போய் மன்னிப்பை எழுத எனக்கு இன்னும் நான்கு நாள் பிடித்தது. அதற்குள் அவர் அந்த ஃபார்மேட்டரைத் திருத்தி, அலகை வகையிலிருந்தே படிக்கும்படி மாற்றி, ரிவ்யூவுக்கு என் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார்.