வணிகக் கட்டடக் கடன் துறையில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை இருக்கும்?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடைத்தொகுதி கட்ட ஒருவர் வங்கியில் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று ஆராய்வதுதான் இந்த வேலை. வீட்டுக் கடனுக்குச் சம்பளம் அடிப்படை, இங்கே வாடகை. பசு வாங்கக் கடன் கொடுப்பவர் கொம்பின் அழகையா பார்ப்பார்? கறக்கும் பாலைத்தான். இரண்டு கடை பூட்டிக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கடினமான பகுதி காணி உறுதிதான், அதாவது நிலம் யாருடையது என்று காட்டும் பத்திரம். பங்காளிகள் வெளிநாடுகளில் சிதறியிருக்கும் காணிகள் இங்கே நிறைய. பொறுமையாக உறுதி வாசிக்கத் தெரிந்த பெண் இதில் நிச்சயம் முன்னேறுவார்.

அப்புறம், மணமான பெண் காணியை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் கேட்கும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சொந்தச் சொத்துக்கானது. வங்கி அதிகாரியாக அவர் இடும் கையெழுத்துக்கு அது பொருந்தாது.