சிஎஸ் சீட்டுக்கு நகைய வைக்காதீங்க அக்கா

போன வாரம் திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா போன் பண்ணி ஒரே அழுகை. பையன் பன்னெண்டாவது, மேத்ஸ் சுமார். அவங்க அண்ணன் "மேனேஜ்மெண்ட் கோட்டால இன்ஜினியரிங் காலேஜ்ல சிஎஸ், அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், வாங்கிடலாம், பாதி நான் தர்றேன், மீதிக்கு நகைய வைங்க"ன்னு நிக்கறாராம், பையன் வாயே தெறக்க மாட்டேங்கறானாம். மொதல்ல பயப்படாதீங்கன்னு தான் சொன்னேன், நகைன்னதும் எனக்கே கோவம் வந்துருச்சு.

போனைப் பையன்கிட்ட குடுக்கச் சொல்லி லீவுல என்ன பண்ணுனேன்னு கேட்டேன். மாமாவோட பனியன் கம்பெனி ஆபீஸ்ல இருந்தானாம். புது சாப்ட்வேர் வந்தும் கிளார்க் பக்கத்துலயே ஒரு நோட்டு வெச்சிருக்காராம், ஏன்னா சாயப்பட்டறை போன துணி எடை கொறஞ்சு தான் திரும்பும், ஸ்கிரீன்ல அதப் போட எடமே இல்ல, போன கிலோவே வந்தாத்தான் சேவ் ஆகுது. இவன் அந்த ஸ்கிரீன பேப்பர்ல மாத்தி வரைஞ்சிருக்கான். யாருகிட்டயும் காட்டல.

அக்கா, இதுக்குன்னே வேலை இருக்கு, யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைன்னு பேரு, சாப்ட்வேர அத பயன்படுத்தறவங்களுக்கு தோதா அமைக்கறது. புரோகிராம் எழுதறதுக்கு முன்னாடி ஓனர், கிளார்க், டிஸ்பேச் ஆளு, புரோகிராமர் எல்லாரையும் ஒரே டேபிள்ல உக்கார வெச்சு ஒர்க்‌ஷாப் நடத்தறது அதுல பெரிய பங்கு. ஓனர் மொதல்ல வாயத் தெறந்தா மத்தவங்க தலைய ஆட்டிட்டு போயிருவாங்க, அதனால எல்லாரும் பேசாம ஸ்டிக்கி நோட்ல எழுதி ஒட்டணும், பேச்சு அப்புறம் தான். பொறவு பேப்பர்லயே ஸ்கிரீன வரைஞ்சு கிளார்க்க விரலால அமுக்கச் சொல்லுவாங்க, ஒருத்தர் கம்ப்யூட்டர் மாதிரி பேப்பர மாத்தி மாத்தி வைப்பார், விரல் எங்க நிக்குதோ அங்க டிசைன் தப்பு. 1980கள்ல சுவீடன்ல பத்திரிகை அச்சுத் தொழிலாளிங்களோட சேந்து இப்படி செஞ்சப்ப வெறும் அட்டைப்பெட்டி தான் லேசர் பிரிண்டர்! கூகுள்ல 2010ல தொடங்குன டிசைன் ஸ்பிரிண்ட்டும் இதே ஜாதி தான், அஞ்சு நாளு, வியாழக்கிழமை ஒரு மாதிரி ஸ்கிரீன் செஞ்சு வெள்ளிக்கிழமை அஞ்சு பேர்கிட்ட சோதிச்சுப் பாக்கறது.

இதுக்குப் படிக்க பி.டெஸ்., அதாவது டிசைன் டிகிரி. ஐஐடி பாம்பே நடத்தற யூசீட் பரீட்சை, எந்த குரூப்பும் எழுதலாம், வரையறதுக்கும் மார்க் உண்டு. அகமதாபாத் என்ஐடிக்கு (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்) தனி நுழைவுத் தேர்வு. சீட் கம்மி, போட்டி ஜாஸ்தி, பீஸும் சும்மா இல்ல, அத மறைக்க மாட்டேன். கெடைக்கலேன்னா டிசைன்னு போர்டு மாட்டி லட்சக்கணக்குல கேக்கற காலேஜ் பக்கம் போயிராதீங்க, பக்கத்துல கவர்மெண்ட் காலேஜ்ல ஒரு டிகிரி சேத்துட்டு இந்த மாதிரி வேலைய செஞ்சு சேத்து வெச்சாலே போதும், இன்டர்வியூல அதத்தான் கேப்பாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை அவன அந்த கிளார்க்கிட்ட அனுப்புங்க. பேப்பர் ஸ்கிரீன அவர் அமுக்கறத போட்டோ எடுத்துட்டு வரட்டும், மார்க் ஷீட்ட நான் அப்புறமா பாத்துக்கறேன். அண்ணன் சண்டைக்கு வந்தா என் நம்பரக் குடுங்க.